நோட்டு இருக்கு, பேனா இருக்கு... கூட வர ஆள்தான் இல்லை!

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பட்டம் கிடைத்துவிட்டது. கோட்டையைச் சுற்றியுள்ள ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு உதவ வருகிறவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள்?

தை பிறந்து பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். செஞ்சி வட்டாரத்தில் ஏதாவது ஓர் ஏரிக்கரை. பனி இன்னும் விலகவில்லை. கோட்டை மலையான ராஜகிரியின் தலை மட்டும் மங்கலாகத் தெரிகிறது. குடிசைகளுக்கு எதிரே மினி லாரி ஒன்று என்ஜினை அணைக்காமல் நிற்கிறது. அலுமினியக் குண்டான், தார்ப்பாய், மண்வெட்டி, கோழி அடைத்த கூடை எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. மேஸ்திரி எண்ணிக்கொண்டே வருகிறார். அவர் கணக்கு ஆள் கணக்கல்ல, ஜோடிக் கணக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால் ஒரு ஜோடி. பிள்ளைகள் கணக்கில் வருவதில்லை, லாரியில் மட்டும் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பையில் புத்தகத்தை எடுத்துவிட்டுத் துணியைத் திணித்துக்கொண்டு ஒரு பையன் ஏறுகிறான். ஏப்ரலில் அவன் வகுப்புக்கு முழு ஆண்டுத் தேர்வு. அந்த நேரத்தில் அவன் ஏதோ ஒரு செங்கல் சூளைக் களத்தில் பச்சைக் கல்லைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருப்பான்.

வடமாவட்டங்களில் ஆண்டுதோறும் நடக்கிற காட்சி இது. லாரி கிளம்பிய பிறகு பள்ளி வருகைப் பதிவேட்டில் வரிசையாக ‘ஆ’ விழும். மழை ஆரம்பித்துச் சூளை நின்ற பிறகு குடும்பம் திரும்பும். அதற்குள் பையனுக்குப் படிப்பு விட்டுப்போயிருக்கும். பள்ளிக்கும் பையன் விட்டுப்போயிருப்பான்.

பட்டம் வந்தது, பஸ்களும் வந்தன

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, ‘மராத்தியரின் ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது செஞ்சி. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை. அவர் மகன் ராஜாராம் முகலாயரின் நெடு முற்றுகையைத் தாங்கி நின்ற இடம். உள்ளூர்க்காரர்களுக்கு மராத்தியரைவிட 1714இல் இருபத்திச்சொச்சம் வயதில் போர்க்களத்தில் செத்த தேசிங்கு ராஜாதான் நெருக்கம். பாட்டிலும் கூத்திலும் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

கோட்டைக்குப் பேர் கூடினால் வெளியூர்க் கார்களும் கூடும். கூடவே இன்னொரு வகை வருகையும் வழக்கமாக வரும்: ‘பக்கத்துல ஏதாவது ஹோம் இருக்கா? பசங்களுக்குச் சாப்பாடு போடணும்’ என்று விசாரிப்பவர்கள். நல்ல மனசுதான். குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஹோமில் இல்லை. ஏரிப் புறம்போக்குக் குடிசையில் இருக்கிறார்கள், அரிசி ஆலைக் களத்தில் இருக்கிறார்கள், கரி மூட்டம் போடும் கருவேலங்காட்டில் இருக்கிறார்கள். அவர்களில் இருளர் பழங்குடிப் பிள்ளைகளுக்காக முப்பது ஆண்டுகளாக ஒரு வேலை நடந்துவருகிறது. அதில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு இடம் குறைவு.

இயற்பியல் வாத்தியாரின் இரண்டாவது பாடம்

திண்டிவனம் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர் கல்யாணி. இன்று பேராசிரியர் பிரபா கல்விமணி என்று எழுதினாலும், வட்டாரத்தில் ‘கல்யாணி சார்’ என்றால்தான் தெரியும். 1996இல் அவர் தொடங்கியது பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். திண்டிவனம் ரோசணையில் எளிய வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு தாய்த்தமிழ்ப் பள்ளியையும் நடத்திவந்தார். அவரைப் பற்றி எழுத வந்தாலே ‘இருளர்களின் காவலர்’ என்று பட்டம் கட்டுவது பத்திரிகை வழக்கம். பட்டத்தை ஒதுக்கிவிட்டு, செய்த வேலை எந்த வகையானது என்று பார்த்தால் நமக்குப் பயன் அதிகம்.

அவர் அனாதை இல்லம் கட்டவில்லை. சங்கம் கட்டினார். குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்துக் காப்பாற்றுவது ஒரு வழி. குடும்பத்துக்கே முதுகெலும்பு கொடுத்து, பிள்ளையைப் பள்ளியில் தக்கவைப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழி மெதுவானது, புகைப்படத்துக்கு எடுபடாதது, எதிரிகளைச் சம்பாதித்துத் தருவது. திருட்டு வழக்கு ஒன்று துப்புத் துலங்கவில்லையென்றால் முதலில் இருளர் குடிசைக்குப் போலீஸ் ஜீப் வரும் என்பது இந்தப் பகுதியில் புதிய செய்தி அல்ல. அப்பன் லாக்கப்பில் இருக்கும்போது பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு ஏறாது. அதனால் கல்வி வேலை செய்ய வந்தவர், காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் நிற்க வேண்டியதாயிற்று.

2021இல் த.செ.ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ வந்தபோதுதான் தமிழ்நாட்டின் பெரும்பகுதி இருளர் என்ற சொல்லையே கவனித்தது. படம் வெளியாவதற்கு முந்தைய நாள், நவம்பர் 1 அன்று, முதல்வர் ஸ்டாலின் முன்னிலையில் சூர்யாவும் ஜோதிகாவும் இருளர் கல்விக்கான அறக்கட்டளைக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கினார்கள். மூன்று நாள் கழித்து, தீபாவளி அன்று, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதல்வரே போய் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். இருபத்தைந்து ஆண்டு மனுக்களால் நகராத கோப்புகள் ஒரு சினிமா வந்த வாரத்தில் நகர்ந்தன. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

திண்டிவனம் பஸ்

பூஞ்சேரியில் முதல்வர் கையால் கொடுத்ததில் சாதிச் சான்றிதழும் இருந்ததைக் கவனிக்க வேண்டும். பழங்குடிப் பிள்ளையின் படிப்பு எங்கே உடைகிறது என்று தேடினால், விசாரணை பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் வந்து நிற்கும்.

தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழுக்கு வருவாய்த்துறையில் வட்டார அளவிலேயே, செஞ்சியிலேயே, வேலை முடிந்துவிடும். பழங்குடியினர் சான்றிதழ் அப்படியல்ல. 1989 நவம்பரிலிருந்து கோட்டாட்சியர் நிலையிலுள்ள அதிகாரிதான் அதைத் தர முடியும். செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது திண்டிவனத்தில் இருக்கும் அலுவலகம். செஞ்சியிலிருந்தே பஸ்ஸில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தடவை போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரே தடவையில் முடிந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் கேட்பது: அப்பாவின் சாதிச் சான்றிதழ், அல்லது ரத்த உறவினருடையது. அப்பா பள்ளிக்கூட வாசலை மிதித்திருந்தால்தானே சான்றிதழ் இருக்கும்? குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வரும் பிள்ளைக்கு முன்னோர் காகிதம் கேட்பதில்தான் முடிச்சு விழுகிறது. அடுத்து நேரடி விசாரணை. கிராம நிர்வாக அலுவலரோ வருவாய் ஆய்வாளரோ குடிசைக்கு வரும் நாளில் குடும்பம் சூளையில் இருக்கும். ‘மனுதாரர் முகவரியில் இல்லை’ என்று எழுதினால் கோப்பு மூடிக்கொள்ளும்.

அதிகாரிகள் பக்கமும் நியாயம் உண்டு. பழங்குடி என்று பொய்ச் சான்றிதழ் வாங்கி வேலைக்குப் போனவர்களின் வழக்குகள் நீதிமன்றங்களில் மலைபோல் கிடந்தன. கெடுபிடி அதனால் வந்தது. ஆனால் பொய்ச் சான்றிதழ் வாங்கத் தெரிந்தவனுக்கு வக்கீல் வைக்கவும் தெரியும். கெடுபிடியில் சிக்குவது ஏரிக்கரைக்காரர்தான்.

காகிதம் இல்லையென்றால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்பு வரை ஒன்றும் ஆகாது; கல்வி உரிமைச் சட்டம் காப்பாற்றும். இடி அதற்கப்புறம். பழங்குடி மாணவர் விடுதி, பத்தாம் வகுப்புக்கு மேல் உதவித்தொகை, கல்லூரியில் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டில் பழங்குடியினருக்கென்று இருக்கும் அந்த 1 விழுக்காடு எல்லாமே சான்றிதழைக் கேட்கும். பதினாறு வயதில், மதிப்பெண் பட்டியல் கையில் இருக்க, ஒரு பெண் தன்னை யார் என்று நிரூபிக்க முடியாமல் வீட்டில் உட்காருகிறாள். அடுத்த தை மாதம் அவளும் ஒரு ஜோடியில் பாதி.

கல்யாணி சாரின் சங்கம் செய்த பெரும் வேலை இந்தப் பாதையில்தான். மனு எழுதுவது, கூடவே போவது, ‘நாளைக்கு வா’ என்றால் மறுநாளும் போவது, தேவைப்பட்டால் அலுவலகத்துக்கு முன் உட்கார்ந்துவிடுவது. எந்தக் கல்லூரியிலும் இதற்குப் பாடத்திட்டம் கிடையாது.

[பெட்டிச் செய்தி] எண்களில்...

▪ 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80 விழுக்காடு. பழங்குடியினரிடையே 54.

▪ அதே கணக்கெடுப்பில் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர் இருளர். ‘மிகவும் நலிந்த பழங்குடியினர்’ என்று அரசு வகைப்படுத்தியுள்ள, தமிழ்நாட்டின் ஆறு குழுக்களில் ஒன்று.

▪ கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்த ஆண்டு 1976. மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வுத் தொகை: ஆண்களுக்கு 1 லட்சம், பெண்கள் குழந்தைகளுக்கு 2 லட்சம், கொடூரமான நிலையில் இருந்து மீட்கப்பட்டால் 3 லட்சம். முதலில் கைக்கு வருவது 30,000 ரூபாய் வரைதான். மீதி, வழக்கின் போக்கைப் பொறுத்தது.

▪ ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு அழைக்க வேண்டிய எண்: 1098.

ஏன் பிள்ளையைக் கூட்டிப் போகிறார்கள்?

‘இவங்களுக்குப் படிப்போட அருமை தெரியாது’ என்பது ஊர்ப் பேச்சு. கொஞ்சம் கணக்குப் போட்டால் அந்தப் பேச்சு எடுபடாது. ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருக்காது. அப்போது மேஸ்திரி அட்வான்ஸ் கொடுக்கிறார். வைத்தியம், கல்யாணம், சாவு எதற்கோ அது கரைகிறது. தை மாதம் அந்தக் கடனைக் கழிக்கக் கிளம்புகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு இத்தனை என்று கூலி. கைகள் எத்தனை அதிகமோ கல் அத்தனை அதிகம். பருவ முடிவில் கணக்குப் பார்க்கும்போது ‘அட்வான்ஸ் கழியல’ என்றால் அடுத்த ஆண்டும் அதே சூளை. கடனுக்காக ஒருவரை வேறு இடம் போகவிடாமல் வேலை வாங்கினால் 1976 சட்டப்படி அது கொத்தடிமைத்தனம். சங்கிலி எதுவும் தேவையில்லை.

பிள்ளையை விட்டுப்போக வீட்டில் கிழவி ஒருத்தி வேண்டும், அவளுக்குச் சமைக்கத் தெம்பு வேண்டும். இங்கேதான் காலை உணவுத் திட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. ஒரு பாட்டியிடம் விடப்பட்ட குழந்தைக்குப் பள்ளி நாட்களில் மூன்று வேளையில் இரண்டு வேளைக்கு விடை கிடைத்துவிட்டது. தனியார் தர்மம் எதுவும் இவ்வளவு பெரிய கதவைத் திறந்ததில்லை. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனதும் அந்தக் காலைச் சாப்பாடு இல்லை, கோடை விடுமுறையில் இரண்டுமே இல்லை. நன்கொடையாளர் யாராவது இடைவெளி தேடினால், அது இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. சூளைக்குப் போன பிள்ளையைச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளியில் உட்காரவைப்பது. மாற்றுச் சான்றிதழ் இல்லையென்று எந்தப் பள்ளியும் தொடக்கக் கல்வியை மறுக்கக்கூடாது என்பது சட்டம். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர் சூளைகளுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒடியா மொழியிலேயே பாடம் நடத்த ஏற்பாடு செய்த மாநிலம் இது. செஞ்சிப் பிள்ளைக்கு மொழிச் சிக்கல்கூடக் கிடையாது. இந்தப் பள்ளித் தலைமையாசிரியர் அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட வேண்டும். போன் போட வேண்டுமென்றால் லாரி எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று யாராவது கேட்டு வைத்திருக்க வேண்டும். அதற்கும் ஓர் ஆள் தேவை.

கொரோனா கால இழப்பை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைத்தது செஞ்சி இருக்கும் இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். தெருவுக்குள் ஒரு தன்னார்வலர் என்ற யோசனை சரியானது. தெருவே இடம் மாறிப்போகும்போது அது எட்டவில்லை.

பிறந்தநாள் சாப்பாட்டின் மறுபக்கம்

குழந்தைகள் இல்லங்களில் ஒரு நாள்காட்டி இருக்கும். யாருடைய பிறந்தநாளுக்கு யார் சாப்பாடு என்று எழுதியிருக்கும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு பிரியாணியும் ஒரு கேக்கும் வருவதுண்டு. செவ்வாய்க்கிழமை வெறும் ரசம். கேக் வெட்டியவருடன் சேர்ந்து கைதட்டி, நன்றி சொல்லி, போட்டோவுக்கு நிற்பதும் பிள்ளைகளின் வேலையாகிவிடுகிறது. அந்தப் போட்டோவை ஊடகத்தில் போட்டு, பிள்ளையை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி குற்றம்; ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. எத்தனை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்கள் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

2015இல் வந்த அந்தச் சட்டம் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. முதல் வழி சொந்தக் குடும்பம், அடுத்து உறவினர். அதற்காகத்தான் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைக்கு வீட்டிலிருந்தபடியே படிக்க மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை இருக்கிறது. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். சித்தி வீட்டில் பாரமாக நினைக்கப்படும் பிள்ளைக்கு அந்தத் தொகை கொஞ்சம் மரியாதையும் வாங்கித் தரும். ஆனால் இதையெல்லாம் கவனிக்கும் அலுவலகம் மாவட்டத் தலைநகரில். செஞ்சியின் உள்கிராமத்துச் சித்திக்கு அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே தெரியாது.

பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டுமே என்று சட்டம் மிரட்டுகிறது. மிரட்டலுக்குக் காரணம் உண்டு. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் அருகே குண்டலப்புலியூர் ஆசிரமத்தில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களும் ஆதரவற்றவர்களும் தங்கியிருந்த இடத்தில், ஆட்கள் காணாமல் போனதாகவும் கொடுமைகள் நடந்ததாகவும் புகார் எழுந்து, விசாரணை சிபிசிஐடிக்குப் போனது. குழந்தைகள் இல்லமில்லை அது. ஆனாலும் மாவட்டத்துக்கே பாடம். ‘சேவை’ என்று பலகை மாட்டிய இடத்துக்குள் அரிசி மூட்டையோடு போகிறவர், பதிவுச் சான்று எங்கே என்று ஒரு கேள்வி கேட்பதால் புண்ணியம் குறைந்துவிடாது.

இந்த வேலைக்குச் சம்பளம் என்ன?

சமூகப்பணி முதுகலை முடித்த இளைஞர்கள் இந்தத் துறையில் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலைவாய்ப்பு விளம்பரத்தைப் படித்தால் போதும். சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலருக்கு மாதத் தொகுப்பூதியம் 27,804 ரூபாய். ஆற்றுப்படுத்துநருக்கு 18,536. ஊர் ஊராகப் போய்க் குழந்தையைக் கண்டுபிடிக்க வேண்டிய புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. எல்லாமே ஒப்பந்த அடிப்படை. வெயிலில் அலைகிறவருக்குத்தான் ஆகக் குறைவு.

தொண்டு நிறுவனங்களிலும் நிலைமை வேறில்லை. 2020இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்வதும் நின்றது. சென்னைப் பெரிய அமைப்பு வழியாகக் கொஞ்சம் பணம் பெற்று இரண்டு களப்பணியாளரை வைத்திருந்த சின்னச் சின்ன கிராமத்து அமைப்புகளுக்கு அந்த வாசல் மூடிப்போயிற்று. முறைகேட்டைத் தடுக்கத்தான் திருத்தம் என்றது அரசு. இருக்கலாம்.

உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் 2013 கம்பெனிச் சட்டப்படி சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணம் கட்டடமாக, ஸ்மார்ட் வகுப்பறையாக, பையாக, தண்ணீர்த் தொட்டியாக வரும். எல்லாவற்றிலும் பெயர் எழுத இடம் உண்டு. ஓர் ஆளுக்கு மூன்று ஆண்டுச் சம்பளம் கொடுத்து, ‘இந்த நாற்பது பிள்ளைகளுக்குச் சான்றிதழும் பட்டாவும் விடுதியும் வாங்கிக் கொடு’ என்று சொல்ல எத்தனை கம்பெனி தயார்? பெயரை எங்கே எழுதுவது என்ற சிக்கல் வந்துவிடுகிறது.

ஆளுக்குச் செலவிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு அகரம் அறக்கட்டளையைப் பார்க்கலாம். 2006இல் தொடங்கி, 2010 முதல் ‘விதை’ திட்டத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கிவருகிறது. விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே தன்னார்வலர் போய்ப் பார்க்கும் முறை அதன் முதுகெலும்பு. மதிப்பெண் பட்டியலில் தெரியாதது ஓலைக்கூரையின் கீழ் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பையே தாண்டாத ஏரிக்கரைப் பிள்ளை அந்த விண்ணப்பம் வரைக்கும் வந்துசேர, அதற்கு முன்னால் எட்டு ஆண்டுகள் இன்னொருவர் நடந்திருக்க வேண்டும்.

2029 ஜூன்

அடுத்த சிக்கல் எந்தத் தேதியில் வரும் என்றுகூட இப்போதே சொல்லிவிடலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பல காரியங்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டும் ஒரு தலைமையாசிரியரின் மேஜையில் மோதும்போது அவர் எதைப் பிடித்துக்கொள்வார் என்பது அவரவர் துணிச்சல்.

சூளைக் கொட்டகையில் பிறந்து பதிவாகாமல் விட்டுப்போன குழந்தை, ஓராண்டு தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் போன்ற அதிகாரி ஒருவரின் உத்தரவு இல்லாமல் பதிவாக முடியாது. அதாவது மறுபடியும் திண்டிவனம் பஸ்; சாதிச் சான்றிதழுக்குப் பத்து வருஷம் முன்பே. அந்த அக்டோபரில் பிறந்த பிள்ளைகள் 2029 ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வருவார்கள். இப்போது அவர்கள் அங்கன்வாடி வயதில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். செஞ்சி, மேல்மலையனூர் வட்டங்களில் ஒவ்வோர் ஏரிக்கரையாகப் போய், எந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்று இல்லை என்று பட்டியல் எடுக்க ஓர் ஆளும், ஒரு டூவீலரும், பெட்ரோல் காசும், வருகிற தை மாதத்துக்கு முன்னால் கொஞ்சம் நேரமும் போதும்.